முக்கால் ரூபாய்க் கூலி

(பாலசமுத்திரத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் இந்த ஊர்க்காரன். வெளியூர்ப் பேச்சாளர் வந்தால் மாலை போடுவீர்கள், பொன்னாடை போர்த்துவீர்கள். உள்ளூர்க்காரனுக்கு ஒரு டம்ளர் டீ. அதுவும் சற்று முன்னால் ஆறிப்போய்த்தான் வந்தது. பரவாயில்லை. எனக்கு முன்னால் பேசியவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது என் கண் அதன்மேல் ஒரு நொடி நின்றதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். இன்றைக்கு நான் பேசப்போவது அந்த ஒரு நொடியைப் பற்றித்தான்.

பொறாமை. அதிலும் ஊரான்மேல் வருகிற பொறாமை இல்லை, பங்காளிமேல் வருகிற பொறாமை இல்லை. தோளில் கைபோட்டுக்கொண்டு கூடவே நடக்கிற சிநேகிதன்மேல் வருகிறதே, அந்தப் பொறாமை. பதினாலு வயதில், பதினைந்து வயதில், ஒருவன் வீட்டில் எல்லாம் இருக்கிறது, இன்னொருவன் வீட்டில் எதுவும் இல்லை. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் அவனாக இருக்க ஆசைப்படுகிறான். வேடிக்கை என்னவென்றால், அவனும் இவனாக இருக்க ஆசைப்படுகிறான். இதை யாராவது மேடை போட்டுப் பேசியிருக்கிறார்களா? காதலைப் பேசுகிறோம், வீரத்தைப் பேசுகிறோம், நட்பு என்றால் தொண்டை கிழியப் பேசுகிறோம். நட்புக்குள்ளே உட்கார்ந்திருக்கும் இந்த முள்ளை மட்டும் பேச மாட்டேன் என்கிறோம்.

சொல்லையே பாருங்கள். பொறுக்க முடியாமைதான் பொறாமை. எதைப் பொறுக்க முடியவில்லை? பசியையா, வெயிலையா? அதையெல்லாம் நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்தவர்கள். பக்கத்தில் இருப்பவனுக்குப் பசி இல்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. திருவள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பதினேழாம் அதிகாரம், அழுக்காறாமை, பத்துக் குறள். பள்ளியில் பத்தையும் மனப்பாடம் செய்து ஒப்பித்தவன் நான். ஒப்பித்துவிட்டு வெளியே வந்தால் சிநேகிதனுடைய சைக்கிள் வாசலில் நிற்கும். பத்துக் குறளும் காற்றில் போய்விடும்.

அந்தச் சைக்கிளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு டம்ளர் பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மகாபாரதம் உங்களுக்குத் தெரியும். துரோணர் என்றால் வில் நினைவுக்கு வரும், ஏகலைவனின் கட்டைவிரல் நினைவுக்கு வரும். துரோணர் வீட்டுச் சமையலறை யாருக்காவது நினைவுக்கு வருமா? பால் இல்லாத வீடு அது. மகன் அசுவத்தாமன் சின்னப் பிள்ளை. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பால் குடிப்பதைப் பார்த்து, எனக்கும் பால் வேண்டும் என்று அழுகிறான். கூட விளையாடுகிற பிள்ளைகள் என்ன செய்தார்கள்? மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பால் என்றார்கள். குடித்துவிட்டு, நானும் பால் குடித்தேன், நானும் பால் குடித்தேன் என்று அந்தக் குழந்தை ஆடியது. சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

தகப்பனால் அதைத் தாங்க முடியவில்லை. அவருக்கு ஒரு பழைய சிநேகிதன் உண்டு. ஒன்றாகப் படித்தவன், ராஜாவின் மகன், பெயர் துருபதன். நான் அரசனானால் என் செல்வமெல்லாம் உனக்கும்தான் என்று வாலிபத்தில் சொன்னவன். அவனிடம் போய் நின்றார். அவன் என்ன சொன்னான்? அரசனுக்கும் ஆண்டிக்கும் என்ன நட்பு என்றான். அவ்வளவுதான். துரோணர் திரும்பி வந்தார், அர்ஜுனனை உருவாக்கினார், அவனைக் கொண்டே துருபதனைக் கட்டி இழுத்துவரச் செய்தார், பாதி ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டார். துருபதன் யாகம் வளர்த்தான், திருஷ்டத்யும்னன் பிறந்தான், குருக்ஷேத்திரத்தில் துரோணர் தலை விழுந்தது. அத்தனை ரத்தத்துக்கும் பின்னால் தேடிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு டம்ளர் மாவுத் தண்ணீர் இருக்கிறது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பௌராணிகர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

சரி, புராணம் போதும். நம் காலத்துக்கு வருகிறேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கரிசல் கிராமம். அந்த ஒரே ஊரில் ஏறத்தாழ ஒரே வயதில் இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒருவர் நிலபுலம் உள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளை. இன்னொருவர் கைத்தொழிலை நம்பிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. முதலாமவர் கி. ராஜநாராயணன். இரண்டாமவர் கு. அழகிரிசாமி, 1923-இல் பிறந்தவர். இருவருக்கும் பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரு சின்னக் கிராமம், இரண்டு சிநேகிதர்கள், இரண்டு அகாதெமி விருது! நம் ஊரில் ஒன்று வரட்டும், நானே பொன்னாடை வாங்கி வருகிறேன்.

இவர்கள் வாழ்க்கையில் விதி எப்படித் தாயக்கட்டையை மாற்றிப் போட்டது பாருங்கள். நிலம் இருந்த வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, படிப்பும் ஓடவில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை கி.ரா. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இடது கை ஊனப்பட்டது. குலத்தொழிலுக்கு இவன் ஆகமாட்டான், படிக்கவாவது போகட்டும் என்று வீட்டில் பள்ளிக்கு அனுப்பினார்கள். கை நன்றாக இருந்திருந்தால் அழகிரிசாமி பள்ளி இறுதி வகுப்பு வரை போயிருக்கவே மாட்டார். வசதி உள்ளவர் படிக்கவில்லை, வசதி இல்லாதவர் படித்தார். ஒருவர் ஊரிலேயே இருந்தார், மண்ணைக் கிண்டினார், சம்சாரித்தனம் பண்ணினார். இன்னொருவர் அரசாங்க குமாஸ்தா வேலையை உதறிவிட்டுச் சென்னைக்குப் போனார், பத்திரிகை பத்திரிகையாக மாறினார், 1953-இல் கப்பலேறி மலேயாவில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவுக்குப் போனார், 1957-இல் திரும்பினார்.

ஒருவருக்கு ஊர் இருந்தது. ஒருவருக்கு உலகம் இருந்தது. இதில் யார் யாரைப் பார்த்து ஏங்கியிருப்பார்கள்? பொறாமை என்ற சொல்லை அந்த இரண்டு பெரியவர்கள்மேல் வைக்க நான் வரவில்லை. சென்னையிலிருந்தும் கடல் கடந்தும் அழகிரிசாமி தன் சிநேகிதனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அவை புத்தகமாகவே வந்திருக்கின்றன. உரிமையும் ஏக்கமும் ததும்புகிற கடிதங்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது இசைப் பித்து. விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டுக்குக் காதைப் பறிகொடுத்தவர்கள் இருவருமே.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அவர்கள் எழுதிய கதைகளை. கி.ரா.வின் ‘கதவு’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழை வீடு. அந்த வீட்டுக் கதவுதான் பிள்ளைகளுக்கு பஸ், கதவுதான் ஊஞ்சல். தெருப்பிள்ளைகள் எல்லாம் அதில் ஏறிக்கொண்டு டிக்கெட் எடுத்து ஊர் ஊராகப் போகிறார்கள். தீர்வை கட்டவில்லை என்று தலையாரி வந்து கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறான். வாடைக் காற்று உள்ளே வருகிறது, கைக்குழந்தை செத்துப்போகிறது. கடைசியில் அந்தக் கதவு ஓரிடத்தில் கேட்பாரற்றுச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடிப்போய்த் தொட்டுத் தடவுகிறார்கள். இதை எழுதியவர் நிலம் இருந்த வீட்டுப் பிள்ளை.

இப்போது கதவு இல்லாதவர் பக்கத்துக்கு வாருங்கள். அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. படிக்காதவர்கள் நாளைக்கே படியுங்கள். தீபாவளி சமயம். ஊரின் பெரிய வீட்டுப் பிள்ளை ராமசாமி சில்க் சட்டை போட்டிருக்கிறான். எதிரே செல்லையா, தம்பையா, அவர்கள் தங்கை மங்கம்மாள். என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா என்று பிள்ளைகளுக்குள் போட்டி. நாம் எல்லோரும் ஆடிய ஆட்டம்தான். இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். இதற்கு நடுவில் ராமசாமி வீட்டுக்கு ஜமீன் ராஜா வந்திருக்கிறார், மாப்பிள்ளையாக. அதைவிடப் பெரிய துருப்புச் சீட்டு உண்டா?

அந்த ஏழை வீட்டுக்கும் ஒரு பையன் வந்து சேருகிறான். அநாதை. உடம்பெல்லாம் சிரங்கு. பிள்ளைகளின் தாய் தாயம்மாள் அவனை விரட்டவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். தீபாவளிக்கு வீட்டுக்காரருக்கென்று வாங்கிவைத்த துண்டை அந்தப் பையன் இடுப்பில் கட்டிவிடுகிறாள். அவன் பெயர் ராஜா. கதை முடிகிற இடத்தில், எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பீற்றுகிற ராமசாமியிடம் சின்னப்பெண் மங்கம்மாள், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று பதில் சொல்கிறாள். போட்டி இன்னும் முடியவில்லை, கவனியுங்கள். அந்தப் பெண் தியாகியாகிவிடவில்லை. அவளும் பீற்றிக்கொள்கிறாள். அழகிரிசாமி எழுத்தின் நேர்மை அங்கேதான் இருக்கிறது. இன்னொரு செய்தி: அவரைப் பெற்ற தாயின் பெயரும் தாயம்மாள்தான்.

நிலம் இருந்தவர் கதவு பறிபோன வீட்டுக்குள் போய் உட்கார்ந்து எழுதினார். இல்லாதவர் சில்க் சட்டையை அருகே போய்த் தொட்டுப் பார்த்து எழுதினார். ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் புகுந்து பார்த்த மாதிரி இருக்கிறது எனக்கு.

கடல் தாண்டியும் இந்த ஏக்கம் உண்டு. மார்க் ட்வெயின் என்ற அமெரிக்கர் 1881-இல் ஒரு நாவல் வெளியிட்டார். லண்டனில் ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்கள், ஒருவன் இளவரசன், ஒருவன் பிச்சை எடுக்கும் ஏழை. இவனுக்கு அரண்மனை ஆசை. அவனுக்குச் சேற்றில் புரண்டு ஆற்றில் குதிக்கிற ஆசை. உடுப்பை மாற்றிக்கொள்கிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள். நம் சினிமாக்காரர்களுக்கு இது தங்கச் சுரங்கம். ஆள்மாறாட்டப் படம் எத்தனை எத்தனை! எல்லாப் படத்திலும் ஒரு வசனம் வரும். பணக்காரன் சொல்லுவான், எனக்குப் பட்டு மெத்தை இருக்கிறது, தூக்கம் இல்லை. ஏழை சொல்லுவான், எனக்குக் கட்டாந்தரைதான், படுத்தால் தூக்கம். தியேட்டரில் கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

அய்யா, அது பொய். நான் கட்டாந்தரையில் படுத்தவன், எனக்குத் தெரியும். கட்டாந்தரையில் பசியோடு படுத்தால் தூக்கம் வராது. ஏழையின் நிம்மதி என்று ஒன்றை இல்லாதவன் கண்டுபிடிக்கவில்லை, இருப்பவன்தான் கண்டுபிடித்தான். அதனால், அவனுக்கும் குறை, இவனுக்கும் குறை, கூட்டிக் கழித்தால் கணக்கு சரி என்று உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்ப நான் இங்கே நிற்கவில்லை. கணக்கு சரியாக வராது. ஏன் வராது? இப்போது சைக்கிளுக்கு வருகிறேன்.

1972. ஒன்பதாம் வகுப்பு. எங்கய்யா ஒரு மாந்தோப்பில் கூலிக்கு இருந்தார். எந்தத் தோப்பு என்று தேடாதீர்கள், அந்த மரங்களில் பாதி இன்று இல்லை. ஒரு பக்கம் மலை, மலையடியில் தோப்பு, தோப்புக்கு நடுவில் காரை வீடு. அந்த வீட்டுப் பையன் என் சிநேகிதன். இருவரும் பழனிக்குப் போய்ப் படித்தோம். அவனிடம் பச்சை நிறத்தில் ஒரு ராலே சைக்கிள். டைனமோ விளக்கு, பின்னால் கேரியர், ஹேண்டில்பாரில் குஞ்சம். நான் கேரியரில் உட்கார்ந்து போவேன். காற்று எதிர்த்தால் அவன் இறங்கி, நீ மிதிடா என்பான். நான் மிதிப்பேன், அவன் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வருவான். அந்தச் சைக்கிளில் அவன் போன தூரத்தைவிட நான் போன தூரம் அதிகமாக இருக்கும். ஆனாலும் அது அவன் சைக்கிள். பழனி வந்ததும் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வது அவன்தான். அந்தச் சாவி அவன் பையில் விழும்போது வருகிற சின்னச் சத்தம், அதுதான் எனக்குத் தாங்காது.

ஒரு நாள் சாயங்காலம். அவனுக்கு ஏதோ போட்டியில் பரிசு கொடுத்தார்கள், மேடையில் நின்றுகொண்டிருந்தான். நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். பின் சக்கரத்து வால்வைத் திருகி உள்ளே இருக்கிற டியூபை உருவினேன். ரப்பர் டியூப், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், கடையில் ஐந்து பைசா. உஸ்ஸென்று காற்றுப் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு அவன் வந்தான், அடடா என்றான். நானும் அடடா என்றேன். கடையெல்லாம் அடைத்துவிட்டார்கள். பழனியிலிருந்து ஊர் வரைக்கும் இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தோம். நான் பின்னாலிருந்து தள்ளினேன். வழியெல்லாம் அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தேன். எப்பேர்ப்பட்ட சிநேகிதன் பாருங்கள் நான்!

அந்தக் கோடை விடுமுறையில் தோப்பில் எனக்கும் வேலை கிடைத்தது. காற்றில் உதிர்ந்த காயைப் பொறுக்கிக் கூடையில் சேர்க்கிற வேலை. நாளுக்கு முக்கால் ரூபாய். எங்கம்மா கணக்கில் பன்னிரண்டணா. சனிக்கிழமை சாயங்காலம் காரை வீட்டுத் திண்ணையில் சம்பளம். ஒரு நீள நோட்டு இருக்கும், அதில் பெயர் வாசிப்பார்கள், பெயர் வாசித்ததும் போய்க் கை நீட்ட வேண்டும். இரண்டு வாரம் வாங்கினேன். மூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலையில், உன் மகன் வர வேண்டாம் என்று எங்கய்யாவிடம் சொல்லிவிட்டார்கள். பொறுக்குகிற சாக்கில் மரத்தில் இருக்கிற நல்ல காயைத் தட்டிவிடுகிறானாம்.

நான் தட்டவில்லை. எங்கய்யா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நீ செய்தாயா என்று கேட்கவே இல்லை, நம்பிவிட்டார். அந்த வாரம் கடையில் அரிசி வாங்கவில்லை. ராத்திரி ராத்திரி களி. தங்கை களியைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

இதெல்லாம் போய் நாற்பது வருஷத்துக்கு மேல். சிநேகிதன் கோயமுத்தூரில் செட்டிலாகிவிட்டான். நான் வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வு பெறுகிற சமயம். பழனியில் ஒரு கல்யாணம், இருவரும் போயிருந்தோம். பந்தி முடிந்து மண்டபத்துக்கு வெளியே நாற்காலி போட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தோம். என்னவோ தோன்றியது, சொல்லிவிட்டேன்.

“டேய், அன்னைக்கு உன் சைக்கிள் காத்தப் புடுங்கி விட்டது நான்தான்டா.”

“தெரியுமே.”

“எப்படிடா?”

“வால்வு டியூப உன் சட்டைப் பையிலயே போட்டுக்கிட்டு வந்த. வெள்ளச் சட்டை. இருட்டுலயும் கறுப்பாத் தெரிஞ்சுது.”

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

“நல்ல காயத் தட்டறான்னு எங்கப்பாகிட்ட சொன்னது நான்தான்.”

எனக்குத் தலை சுற்றியது. ஏண்டா என்று கேட்டேன்.

“அந்த நோட்டுல எல்லார் பேரும் இருந்துச்சு. உம் பேரு இருந்துச்சு. எங்கப்பா சத்தமா வாசிப்பாரு, நீ போயிக் கை நீட்டுவ. எம் பேரு மட்டும் இல்லையேடா.”

அன்பர்களே, சைக்கிள் வைத்திருந்தவன், டைனமோ விளக்கு வைத்திருந்தவன், தோப்பையே வைத்திருந்தவன், ஒரு கூலி நோட்டில் தன் பெயர் இல்லை என்று ஏங்கியிருக்கிறான். நான் கை நீட்டி வாங்கிய முக்கால் ரூபாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். அவன் அப்பா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலைக்கு ஒரு கூலி கொடுத்ததே இல்லை. எனக்கு அந்த முக்கால் ரூபாய் பெருமையாக இருந்ததா? கை நீட்டும்போது காது சூடாகும். சிநேகிதன் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறானே, அவன் முன்னால் கை நீட்டுகிறோமே என்று கூசிப்போவேன். எனக்கு மானக்கேடாக இருந்தது அவனுக்கு மகுடமாகத் தெரிந்திருக்கிறது.

நம் பழனி பேகன் ஆண்ட சீமை. மயிலுக்குப் போர்வை கொடுத்தானே, அவன்தான். பள்ளியில் அதைக் கொடை என்று படித்தோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த மயில் குளிருகிறது என்று சொல்லவில்லை, போர்வை கேட்கவும் இல்லை. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நடுங்குகிறது என்று நினைத்தவன் பேகன். எட்டி நின்று பார்த்தால் ஆட்டமும் நடுக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரக்கப்படுகிறவனுக்கு ஆட்டம் நடுக்கமாகத் தெரிகிறது. பொறாமைப்படுகிறவனுக்கு நடுக்கம் ஆட்டமாகத் தெரிகிறது.

ஆனால் கணக்குச் சரியாக வராது என்றேனே, அதை மறந்துவிடாதீர்கள். என் பொறாமை அவனுக்கு என்ன செலவு வைத்தது? ஐந்து பைசா டியூப், ஒரு ராத்திரி நடை. அதிலும் பாதிப் பாரத்தை நானே தள்ளினேன். அவன் பொறாமை எனக்கு வைத்த செலவு ஒரு வாரத்து அரிசி, என் அப்பாவின் நம்பிக்கை. இருவருமே பதினாலு வயதுப் பிள்ளைகள், இருவருக்கும் ஒரே வயிற்றெரிச்சல். ஆனால் இருக்கிறவன் கையில் அந்த எரிச்சலுக்கு அதிகாரம் இருக்கிறது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வீட்டில் அடுப்பு அணையும். நான் நூறு வார்த்தை சொல்லியிருந்தாலும் காரை வீட்டில் ஒரு விளக்குக்கூட அணைந்திருக்காது. அவன் பொறாமை விடுமுறை நாளில் வந்துபோகிற விருந்தாளி. என்னுடையது வீட்டோடு தங்கிவிட்ட உறவுக்காரன். துருபதனுக்கும் துரோணருக்கும் நடுவில் இருந்த வித்தியாசமும் இதுதானே?

நம்மை ஆண்ட பெரியவர்கள் சிலருக்கு இது புரிந்திருந்தது. காமராசர் 1956-இல் பள்ளியில் மதிய உணவு கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குச் சீருடையும் வந்தது. சில்க் சட்டை வகுப்பு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். பின்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் வந்தது. இலவசம் இலவசம் என்று கேலி பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னுடைய ஒன்பதாம் வகுப்பில் ஒரு சைக்கிள் கொடுத்திருந்தால் அன்றைக்கு நான் அந்த வால்வில் கை வைத்திருக்க மாட்டேன்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சைக்கிள் இருக்கிறது, சீருடை இருக்கிறது. பொறாமை போய்விட்டதா? எங்கே போகும், போன் ஒன்று வந்திருக்கிறதே! நான் ஒருவன் சைக்கிளைப் பார்த்தேன். நீங்கள் ராத்திரி போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஆயிரம் பேர் சைக்கிளைப் பார்க்கிறீர்கள். ஒருவன் கொடைக்கானலில் நிற்கிறான், ஒருத்தி புதுச் செருப்பைக் காட்டுகிறாள், ஒருவன் பிறந்தநாளுக்கு மூன்று கேக் வெட்டுகிறான். லியோன் பெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே எழுதினார், மனிதன் தன்னை அளப்பதற்கு அளவுகோல் இல்லாதபோது பக்கத்தில் இருப்பவனை வைத்துத்தான் அளக்கிறான் என்று. அதிலும் தன்னைப் போன்றவனை வைத்துத்தான் அளப்பானாம். சரியான பேச்சு. எனக்கு டாட்டா பிர்லாமேல் ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன்மேல்தான் வந்தது. பொறாமை வர வேண்டுமானால் முதலில் அவனை நமக்குச் சமமாக நினைத்திருக்க வேண்டும்.

அதனால் நான் உங்களிடம் பொறாமைப்படாதே என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நிற்குமா? வள்ளுவர் சொல்லியே எனக்கு நிற்கவில்லை. நான் கேட்பது வேறு. நாங்கள் இரண்டு பேரும் நாற்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் இருந்தோம். அன்றைக்கு இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோதே, உன் சைக்கிள்மேல் எனக்கு ஆசையாக இருக்குதுடா என்று நான் சொல்லியிருக்கலாம். எங்கப்பா என்னை ஒரு வேலையும் செய்ய விடமாட்டேங்கிறாருடா என்று அவன் சொல்லியிருக்கலாம். டியூப் என் பையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே அவன் நடந்து வந்தான். பேசுவதற்கு அதைவிட நல்ல ராத்திரி எங்களுக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அழகிரிசாமி நாற்பத்தாறு வயதில், 1970 ஜூலையில் போய்விட்டார். ‘அன்பளிப்பு’ தொகுப்புக்கு அகாதெமி விருது அவர் போனபிறகுதான் வந்தது. அவர் சிநேகிதன் கி.ரா. அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் இருந்தார். ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்கு 1991-இல் விருது வாங்கினார். 2021 மே மாதம்தான் மறைந்தார். சிநேகிதன் எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார், அதனால்தான் இன்று நாம் அவற்றைப் படிக்கிறோம். இருவரும் உயிரோடு இருக்கும்போதே ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவர்கள் அவர்கள்.

கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சிநேகிதனிடம், சிநேகிதியிடம், உங்கள் மனசு எதன்மேல் ஆசைப்பட்டதோ அதைச் சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதுங்கள். போனில் வேண்டாம், அது நாலு பேர் கைக்குப் போகும். தபாலாபீசில் அஞ்சலட்டை கிடைக்கிறது. விலை ஐம்பது பைசாதான்.